குழந்தைவேல் கழற்றிய குழாய்

நாமக்கல் பரமத்தி ரோட்டுப் பட்டறைகளில் வந்து குழந்தைவேல் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘டர்போ கொழந்தை’ என்று கேட்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயது, ஆறடி உயரம், கழுத்து வரைக்கும் கிரீஸ். அவர் பட்டறைக்கும் என் லேத் பட்டறைக்கும் நடுவில் ஒற்றைத் தகரம்தான் சுவர். ஊரில் மற்ற பெண்களுக்கு அப்பன்மார் நகை போட்டார்கள், என் அப்பா எனக்கு லேத் போட்டார். அதில் இருபது வருடமாக நான் கடைந்து தள்ளியதில் பாதி குழந்தைவேல் அண்ணனுக்குத்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், இது அவரைப் புகழ்ந்து சொல்கிற கதை இல்லை. அவர் செய்த ஒரு தப்பைப் பற்றியது. அதில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

சேந்தமங்கலத்துப் பக்கம் பிறந்தவர். லாரியோடு வடக்கே மூன்று வருடம் சுற்றிவிட்டு, ஒரு டர்போ மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தப் பட்டறை போட்டார். டர்போ என்பது வேறொன்றுமில்லை, வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அள்ளி இன்ஜினுக்குள் திணிக்கும். அந்தத் தண்டை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தே இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னபடி ஓடும். அதனால்தான் போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் முதற்கொண்டு அவர் வாசலில் வந்து காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் மனுஷனுக்கு ஒரு கெட்ட குணம். தன் கை தப்பாது என்று நினைப்பு. ரிப்பேர் பார்த்த வண்டி திரும்பி வந்தால், இறங்கிப் பார்ப்பதற்கு முன்பே, “டிரைவரு என்ன பண்ணினான், அதைச் சொல்லு மொதல்ல” என்பார். சூடு ஆறுவதற்குள் ஆஃப் பண்ணியிருப்பான், ஆயில் பார்த்திருக்க மாட்டான், எதையாவது கண்டுபிடித்து டிரைவர் தலையில் கட்டிவிடுவார். பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

நல்ல குணமும் ஒன்று உண்டு. எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வண்டியில் கழற்றிய சாமான் ஓனருக்குச் சொந்தம். புதுசு போட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, பழசைக் கண்ணில் காட்ட வேண்டும். மற்றவர்கள் இரண்டைக் கொடுத்து நாலை அமுக்குவார்கள். குழந்தைவேல் அண்ணன் தேய்ந்த வாஷர், கிழிந்த ஹோஸ், துருப்பிடித்த கிளிப் எல்லாவற்றையும் ஒரு உரச் சாக்கில் போட்டு, வாயைக் கம்பியால் முறுக்கிக் கட்டி, வண்டியிலேயே வைத்து அனுப்புவார். அவர் கட்டிய சாக்கை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

இன்னொரு வேலையும் அவர் அடிக்கடி செய்வார். லாரியில் டர்போ பக்கமிருந்து டீசல் பம்புக்கு விரல் கனத்தில் ஒரு சின்னக் குழாய் போகும். உள்ளே காற்று அதிகமாக வருகிறது, நீயும் டீசலைக் கூட்டு என்று பம்புக்குத் தெரிவிப்பதுதான் அதன் வேலை. கறுப்பாகப் புகை தள்ளுகிறது, மைலேஜ் இல்லை என்று ஓனர் புலம்பினால், அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுவார். வண்டி மேட்டில் கொஞ்சம் சோம்பும். ஆனால் புகை நின்றுவிடும், டீசல் மிச்சமாகும், இன்ஜினும் கெடாது. டீசல் வண்டியில் உள்ளே போகிற டீசல் குறைந்தால் சூடும் குறையும். நூறு லாரிக்காவது இப்படிச் செய்திருப்பார், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் தை மாதம் திருச்செங்கோட்டு ஆண்டியப்பன் தன் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்தார். இன்றைக்கு அவருக்கு ஆறு ரிக் வண்டிகள். ஒரு காலத்தில் அந்தப் பெட்ரோல் காரில்தான் ஊர் ஊராகப் போய் போர் ஆர்டர் பிடித்தார். அறுபது வயது நிறைகிறது, அதே வண்டியில் கொல்லிமலை ஏறி அறப்பளீசுவரரைக் கும்பிட வேண்டும் என்று ஆசை. வண்டியோ காரவள்ளி அடிவாரத்திலேயே மூச்சு வாங்குகிற நிலைமை. டர்போ போட்டால் ஏறும் என்று மகன் கவின் சொல்லியிருந்தான். கவின் வைத்திருப்பது புது டர்போ பெட்ரோல் கார், அதில் எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்.

“அப்பா, கார்புரேட்டரைத் தூக்கிப்போட்டு இன்ஜெக்‌ஷன் மாத்திரலாமுங்க. எத்தனை காத்து வருதுன்னு கம்ப்யூட்டரே பாத்து, அதுக்குத் தக்கன பெட்ரோல் உடும்” என்றான் கவின்.

“கம்ப்யூட்டரும் வேண்டாம் கிம்ப்யூட்டரும் வேண்டாம். பேனட்டைத் தொறந்தா எம்பட வண்டி எனக்கு எம்பட வண்டியாத் தெரியோணும்” என்று சொல்லிவிட்டு ஆண்டியப்பன் இந்தப் பக்கம் திரும்பினார். “ஏப்பா கொழந்தை, கார்புரேட்டரை வெச்சுக்கிட்டே டர்போ போட முடியுமா முடியாதா?”

“போடலாமுங்க மாமா.”

முடியாதுங்க என்ற வார்த்தை அந்த வாயில் வராது. பெட்ரோல் வண்டிக்கு அவர் அதுவரை டர்போ போட்டதே இல்லை. அதைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

கவின் கோயமுத்தூரில் ரேஸ் கார் கட்டுகிற ஒருவரிடம் படம் வரைந்து வாங்கி வந்தான். அதைப் பார்த்துத்தான் நான் அலுமினியத்தில் ஒரு தொப்பி கடைந்து கொடுத்தேன். கார்புரேட்டரின் வாய் திறந்திருக்கும் இல்லையா, அதை மூடி, டர்போ தள்ளுகிற காற்று அது வழியாக மட்டும் போகும்படி செய்கிற தொப்பி. முதலில் கடைந்தது துளை ஒரு நூல் விலகிப்போய், இரண்டாவதாக ஒன்று கடைந்தேன். தொப்பியின் பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு வைக்கச் சொல்லிப் படத்தில் இருந்தது. அதிலிருந்து கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்துக்கு ஒரு குழாய் போக வேண்டும்.

அது எதற்கு என்று கோயமுத்தூர்க்காரர் கவினுக்கு விளக்கியிருந்தார், கவின் எங்களுக்குச் சொன்னான். சாதாரண வண்டியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும். காற்று போகிற வேகத்தில் கிண்ணத்துப் பெட்ரோலையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும். டர்போ அப்படி இல்லை, அது தள்ளும். மேலே அழுத்தம் கூடிக் கிண்ணத்தில் கூடாவிட்டால், பெட்ரோல் முன்னால் வராமல் பின்னால் போகும். அதனால் அதே அழுத்தத்தைக் கிண்ணத்தின் தலையிலும் கொடுத்தாக வேண்டும், அதற்குத்தான் அந்தக் குழாய். நான் காது கொடுத்துக் கேட்டேன். குழந்தைவேல் அண்ணன் டர்போத் தண்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே, “செரி செரி, லாரியில இருக்கற அதே கொழாதான்” என்றார்.

வண்டி ஓடியது. ஆனால் கறுப்பாகப் புகை தள்ளி, விக்கி விக்கி ஓடியது. மூன்று நாள் கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட்டை மாற்றினார், ஊசியை மாற்றினார், சரிப்படவில்லை. விசேஷத்துக்கு இரண்டே நாள் இருந்தது. நாலாம் நாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது, புகையே இல்லை. குனிந்து பார்த்தேன். நான் கடைந்து வைத்த மூக்கில் குழாயைக் காணோம், அங்கே ஒரு போல்ட் முறுக்கியிருந்தது. பெட்ரோல் கிண்ணத்தின் ஓட்டை சும்மா திறந்து கிடந்தது.

“ஏனுங்கண்ணா, கொழாயக் கழட்டிப் போட்டீங்க?”

“பொகை தள்ளுது அம்மிணி. லாரிக்கெல்லாம் பண்றதுதானே.”

“பெட்ரோலு பின்னால போயிரும்னு கவினு சொன்னாப்லயே?”

“சேந்தமங்கலம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாரேன். ஒண்ணும் போகலை. நீ போயி உன் லேத்தைப் பாரு.”

நான் போய் என் லேத்தைப் பார்த்தேன். எனக்கு எவ்வளவு வாய் என்று இந்த ரோட்டுக்கே தெரியும், அன்றைக்கு மட்டும் அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. சமதரையில் மிதமாக ஓட்டினால் டர்போ பெரிதாகக் காற்றைத் தள்ளாது, மலையேறும்போதுதான் முழு வேகத்தில் தள்ளும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் இரண்டு பேரும் அதை நினைக்கவில்லை. கழற்றிய குழாயைக் கிளிப்போடு சேர்த்துச் சாக்கில் போட்டு, வழக்கம்போலக் கம்பி முறுக்கி, டிக்கியில் வைத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினார்கள். வண்டியை ஓட்டியது ஜீவா. ஆண்டியப்பனிடம் ஒன்பது வருடமாக டிரைவர், முப்பத்து நாலு வயது. பக்கத்தில் ஆண்டியப்பன் உட்கார்ந்து வந்தார், மற்றவர்கள் கவினின் காரில் முன்னால் போய்விட்டார்கள். இருபத்தாறாவது வளைவைத் தாண்டியதும் பெட்ரோல் வாசம் வந்தது. ஓரம் கட்டுவதற்குள் பேனட் இடுக்கில் நெருப்பு தெரிந்தது. கிண்ணத்து ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சி, பழுக்கக் காய்ந்திருந்த டர்போ மேல் விழுந்திருக்கிறது. பெரியவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறக்கவில்லை. ஜீவா கண்ணாடி வழியாக இடது கையை உள்ளே விட்டு, கொண்டியை இழுத்து, அவரைத் தூக்கி எறிந்த மாதிரி வெளியே போட்டான். பெரியவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று.

அதற்கு என்ன பெயர் கிடைத்தது தெரியுமா? பீடி குடித்துக்கொண்டே ஓட்டினான் என்று பெயர் கிடைத்தது.

யார் முதலில் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. தீயை அணைக்க வந்த கூட்டத்தில் யாரோ ரோட்டோரம் ஒரு பீடித் துண்டைப் பார்த்திருக்கிறார்கள். மலை ரோட்டில் பீடித் துண்டுக்கா பஞ்சம்! பெரியவர் கண்ணயர்ந்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கவின் எங்கள் பட்டறைக்குப் போன் பண்ணி, “வண்டியில எதாவது கோளாறு இருந்துச்சுங்களா?” என்று கேட்டான். குழந்தைவேல் அண்ணன் வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, “டிரைவரு என்ன பண்ணினான், அதைக் கேளு மொதல்ல” என்றார். தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

வெறும் பீடியாக இருந்தாலும் போகட்டும். ஜீவா மகள் நிலா பிறந்த வருடம், குழந்தைக்கு இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாரியம்மன் கோயில் வாசலில் மனைவி ராசாத்தி முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியவன், இனி பீடியைத் தொடமாட்டேன் என்று. ரிக் வண்டி ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் பேச்சு வேறு மாதிரி போயிற்று. சூடத்தில் அடித்த சத்தியத்தை மீறினான், அந்த நெருப்பே வந்து கையைப் பிடித்துக்கொண்டது என்றார்கள். ஆண்டியப்பன் வேலையை விட்டு நிறுத்தினார். ஐந்தாம் நாள் ராசாத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரமத்தி வேலூரில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை, திட்டவில்லை. சத்தியத்தை மீறினவர் பக்கத்தில் பிள்ளையை வைத்திருக்கப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

இதற்கு நடுவே எரிந்த வண்டியைத் திங்கட்கிழமையே கட்டி இழுத்து வந்து அண்ணன் பட்டறையில் போட்டிருந்தார்கள். பேனட்டைத் தூக்கினார். ஒரு நிமிடம் பார்த்தார். இறக்கிவிட்டு மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார். அதன் பிறகு அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், அப்படியே மூடி வைப்பார். ராசாத்தி போய்விட்ட செய்தியை நான்தான் கொண்டுவந்து சொன்னேன். “ம்” என்றார். மனுஷனா இவர் என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். அதே மாதிரிப் பழைய கார்புரேட்டர் ஒன்றை எங்கேயோ தேடி வாங்கி வைஸில் பிடித்திருந்தார். “மொதல்ல கடைஞ்சு பாழாப் போச்சே, அந்தத் தொப்பியக் கொண்டா அம்மிணி” என்றார். கொண்டு போனேன். விலகிய துளையைச் சரிப்படுத்தி மாட்டி, கிண்ணத்தில் பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினார். மூக்கைப் போல்ட்டால் அடைத்தார். கம்ப்ரெஸர் காற்றைத் தொப்பிக்குள் மெதுவாக விட்டார், பிறகு கொஞ்சம் கூட்டினார். கிண்ணத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் சர்ரென்று பீய்ச்சி அவர் மூஞ்சியில் அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லை. போல்ட்டைக் கழற்றி, மூக்குக்கும் கிண்ணத்துக்கும் ஒரு குழாயை மாட்டினார். மறுபடி தண்ணீர் ஊற்றி அதே காற்றை விட்டார். வெளியே ஒரு சொட்டு வரவில்லை. முன்னால் ஜெட் வழியாக, போக வேண்டிய வழியில், அழகாகப் போயிற்று.

“பீடியும் இல்ல, ஒரு மசுரும் இல்ல. நாந்தான்” என்றார்.

நான் சொன்னதை இப்போது எழுதக் கை கூசுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். “வண்டியே எரிஞ்சு கெடக்குது. கொழாயும் அதுலயே எரிஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்குவாங்க. நாம கம்முனு இருந்தா ஆருக்குத் தெரியப் போகுதுங்கண்ணா?” என்றேன். அவருக்காகப் பேசிய மாதிரி இருந்தாலும் எனக்காகத்தான் பேசினேன். தொப்பியும் மூக்கும் நான் கடைந்தவை ஆயிற்றே.

“கொழாய் எரியலை அம்மிணி. சாக்குல இருக்குது. எங்கையால நாந்தான் கட்டிக் குடுத்தேன். டிக்கியில நெருப்பு ஏறலை, அதுல இருந்த சாமானெல்லாம் அன்னிக்கே எறக்கிட்டாங்க, சாக்கு இந்நேரம் அவிங்க ஊட்டுலதான் கெடக்கும்.”

“அவிங்க பிரிக்கவா போறாங்க?”

“பிரிக்க மாட்டாங்க. நான் கட்டுனதாச்சே.” அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். “நீ அன்னிக்கே கேட்டியே. ஒரு வார்த்தையோட ஏன் உட்டுட்ட?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது, கையில் இருந்த எண்ணெய்த் துணியாலேயே துடைத்துக்கொண்டார். அதற்கப்புறமும் ஒரு முழு நாள் அவர் எங்கேயும் போகவில்லை. ஐம்பத்து நாலு வருடம் வளர்த்த வீம்பு, ஒரே நாளில் இறங்கிவிடுமா!

பதினோராம் நாள், வியாழக்கிழமை, குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்தார். கார்புரேட்டரையும் தொப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். நானும் கிளம்பினேன். முதலில் வேலூர் போனோம். ராசாத்தி அப்பா வீட்டு வாசலில் வெற்றிலைக் கவுளி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவரு அனுப்பிச்சு வந்தீங்களா?” என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

“அவனுக்கே தெரியாது சாமி. ஒரே ஒரு மணி நேரம் எங்கூட வந்து ஒண்ணைப் பாரு. அப்புறமும் உனக்கு மனசு வரலைன்னா நானே திருப்பிக் கொண்டாந்து உட்டுர்றேன்.”

அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அவளும் என்ன நினைத்தாளோ, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள்.

திருச்செங்கோட்டில் ஆண்டியப்பனின் ரிக் வண்டிகள் நிற்கிற மைதானம். ஜீவாவையும் அண்ணன் அங்கே வரச் சொல்லியிருந்தார். கை முழுக்கக் கட்டோடு ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். ராசாத்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அண்ணன் பெஞ்சில் கார்புரேட்டரை வைத்தார். ரிக் மைதானத்தில் காற்றுக்கா குறைச்சல், கம்ப்ரெஸரிலிருந்து ஒரு லைனை இழுத்து, வால்வைப் பாதி திருகி மாட்டினார். தண்ணீர் ஊற்றினார். போல்ட்டால் அடைத்துக் காட்டினார், தண்ணீர் பீய்ச்சிற்று. குழாயை மாட்டிக் காட்டினார், நின்றுபோயிற்று. இரண்டு தடவை செய்து காட்டினார். கவினுக்கு முகம் மாறிவிட்டது.

“ஆனா அந்தக் கொழாயத்தான் நீங்க மாட்டியிருந்தீங்களே?” என்றான்.

“மாமா, நான் கட்டிக் குடுத்த சாக்கு எங்கீங்க?”

ஷெட்டின் மூலையில் கிடந்தது. கம்பி முறுக்கு அப்படியே இருந்தது. “நீங்களே பிரிங்க” என்றார் அண்ணன். ஆண்டியப்பன் கம்பியைத் திருகிப் பிரித்து, சாக்கைத் தரையில் கொட்டினார். பழைய சைலன்ஸர் போல்ட், கேஸ்கெட் துண்டு, நாலு வாஷர், கடைசியில் ஒரு முழ நீளத்துக்குப் புத்தம் புதுக் கறுப்புக் குழாய், இரண்டு பக்கமும் கிளிப்போடு.

“நாந்தான் கழட்டினேன். பொகை நிக்கோணும்னு லாரிக்குப் பண்றதை இதுக்கும் பண்ணிப்போட்டேன். ஜீவா பீடி குடிக்கலை. அவன் மேல ஒரு தப்பும் இல்லை. அவன் இல்லீன்னா நீங்க இன்னிக்கு இல்லீங்க மாமா.”

கவின் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான். அண்ணன் கையைக்கூடத் தூக்கவில்லை. “உடுடா” என்று ஆண்டியப்பன் ஒரு அதட்டல் போட்டார். பிறகு அந்தக் குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜீவாதான் பேசினான். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “கையி வெந்தது எனக்குப் பெரிசில்லீங்கண்ணா. ஆஸ்பத்திரிக்கு இவ ஓடியாந்தா. வந்தவ கையைப் பாக்கலை. குனிஞ்சு என்ற வாயை மோந்து பாத்தா. அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ரிக் வண்டியின் கேபினில், போர் போடும் முன் பூஜைக்கென்று சூடமும் தீப்பெட்டியும் எப்போதும் இருக்கும். விறுவிறுவென்று போய் எடுத்து வந்தாள். மைதானத்து மண்ணில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள். “இனிமே உசுரு போனாலும் உன்னையச் சந்தேகப்பட மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே நெருப்பின் மேல் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். ஜீவா செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டான்.

“வேண்டாம் புள்ள. நெருப்பு போதும்” என்றான்.

அவ்வளவு நேரம் கல்லாக நின்ற குழந்தைவேல் அண்ணன் அப்போதுதான் உடைந்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, விசும்பி விசும்பி அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை, நானும்தான்.

ஆண்டியப்பன் ஜீவாவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவன் ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். அண்ணனிடம் ஒரு பைசா நஷ்டம் கேட்கவில்லை. கொட்டிய சாமான்களையெல்லாம் தானே சாக்கில் அள்ளிப் போட்டு, அவர் கையில் கொடுத்தார். “நீயே கொண்டு போப்பா. இனிமே எம்பட வண்டி எதுவும் உன்ற பட்டறைக்குள்ள வராது.” எங்கள் தொழிலில் ஓனர் சாக்கைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அண்ணன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இன்றும் அது பட்டறை ஆணியில் தொங்குகிறது.

பத்து மாதம் கழித்து, போன மார்கழியில் ஒரு காலை, அந்த அம்பாசிடர் எங்கள் ரோட்டுக்கு வந்தது. புது பெயின்ட். ஓட்டி வந்தது ஜீவா. இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. லாரி ஓட்ட முடியாது, கார் ஓட்டுகிறான். முதலாளி வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றாமல் ரோட்டோரம் நிறுத்தினான்.

“கோயமுத்தூர்ல கார்புரேட்டரை எடுத்துட்டு இன்ஜெக்‌ஷன் போட்டாச்சுங்கண்ணா. மொதலாளியே செரின்னுட்டாரு. போன வாரம் மலைக்கும் போயிட்டு வந்தாச்சு. நீங்க ஒருக்கா பாக்கோணும்னு தோணுச்சு, கொண்டாந்தேன்.”

குழந்தைவேல் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேனட்டுக்குள் குனிந்தார். கவின் அன்றைக்குச் சொன்ன அந்தக் கம்ப்யூட்டர், ஒரு சின்ன அலுமினியப் பெட்டியாக ஓரத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை. வேறு எதையோ தேடினார். கண்டுபிடித்துவிட்டார். காற்று போகிற வழியிலிருந்து, விரல் கனத்தில், கறுப்பாக ஒரு சின்னக் குழாய் கிளம்பி, அழுத்தம் பார்க்கிற சென்சாருக்குப் போயிற்று.

“இதுலயும் இருக்குது பாரு அம்மிணி” என்றார் என்னிடம். பிறகு ஜீவா பக்கம் திரும்பினார். “இது கழண்டு போச்சுன்னா?”

“டேஷ்போர்டுல லைட் எரியுமுங்க. தப்பு நடந்திருக்குதுன்னு அதுவே சொல்லிரும்.”

“எப்ப சொல்லும்?”

“உடனேங்கண்ணா.”

அண்ணன் அந்தக் குழாயின் மேல் ஒரு விரலை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பேனட்டை மெதுவாக இறக்கினார். ஜீவாவின் அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார்.

“எனக்குப் பதினோரு நாளாச்சு சாமி” என்றார்.